மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். கோயில் திருவிழாக் கச்சேரிகள்தான் எங்கள் வருமானம். சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த தூய்மைப் பணியாளர் போராட்டத்தில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, “சாமி ஊர்வலத்துக்குத் தெருவைக் கூட்டிக் கொடுத்தவர் ஆறு மாதமாகச் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இவர் வயிறு காய்ந்து கிடக்கும்போது நான் எந்தச் சாமிக்குப் பாட்டுப் பாடுவது?” என்று பேசினேன். கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்து, நான் சாமியை இழிவாகப் பேசியதாகப் பரப்பிவிட்டார்கள். (சம்பளப் பாக்கி ஆறு மாதம் அல்ல, மூன்று மாதம்தான் என்று பிறகு தெரிந்தது.) என் கைபேசி எண்ணையும் போட்டிருக்கிறார்கள். ஆபாசச் செய்திகளும், “வீட்டுக்கு வருவோம்” என்ற மிரட்டலும் இரவெல்லாம் வருகின்றன. இரண்டு ஊர்த் திருவிழாக்களில் என்னை அழைத்து வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காவல் நிலையத்தில் என் மீது புகார் கொடுத்திருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார், நான் அண்ணன் என்று அழைக்கும் குழுத் தலைவர். அம்மா அழுகிறார். இதற்கிடையே ஒரு கட்சி நிர்வாகி வீட்டுக்கு வந்து, எங்கள் மேடையில் வந்து பாடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். பாடுகிறவளுக்கு அரசியல் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது, ஐயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் வற்புறுத்தினால் வழக்கறிஞர் ஒருவரோடு போங்கள். பேசுவதைக் கேளுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், எழுதிக் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2015 ஜனவரியில் நாமக்கல்லில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, எழுத்தாளர் பெருமாள்முருகனை இப்படித்தான் “அமைதிப் பேச்சுவார்த்தை” என்று அழைத்தார்கள். நடந்தது ஆட்சியர் அலுவலகத்தில், அதிகாரிகள் முன்னிலையில். நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதி வாங்கினார்கள். அதன்பின் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்ததை நாடே படித்தது. அப்படி எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலையில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? அதிகாரிகள் முன்னால் போட்ட கையெழுத்துக்கே அந்தக் கதி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாங்கும் காகிதம் நாளை காவல் நிலையத்தில், “பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்” என்று நீட்டப்படும். குழுத் தலைவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால், அவருக்கு இது இந்தப் பருவத்துக் கச்சேரிகள் பற்றிய கவலை. உங்களுக்கு வழக்கு வரக்கூடிய விஷயம்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? அதுவும் இல்லை. நீங்கள் பேசிய இரண்டு வரிகளை நான் ஒரு வழக்குக் கட்டைப் பிரிப்பதுபோல் பிரித்துப் பார்த்தேன். “ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை” என்பது தகவல். அது தவறு. “எந்தச் சாமிக்குப் பாட்டுப் பாடுவது?” என்பது உங்கள் மனக்குறை, கருத்து. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பரவிக்கொண்டிருக்கும் துண்டோ நீங்கள் பேசியதே அல்ல, வெட்டியவர் பேசியது. தகவலைத் திருத்துங்கள். கருத்தில் நில்லுங்கள். துண்டுக்குப் பதில் முழுப் பதிவு. போராட்டத்தில் யாராவது கைபேசியில் முழுவதும் எடுத்திருப்பார்கள். இன்றே தேடி வாங்கிவிடுங்கள், நாளாக ஆக அழித்துவிடுவார்கள்.

வெட்டிய ஒரு வரி என்ன பாடு படுத்தும் என்பதற்கு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1966 மார்ச்சில் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நீண்ட பேட்டியில், கிறிஸ்தவம் தேய்ந்துவருகிறது, இன்றைக்கு நாங்கள் இயேசுவைவிடப் பிரபலம் என்று போகிற போக்கில் சொன்னார். இங்கிலாந்தில் ஒருவரும் அசையவில்லை. நாலைந்து மாதம் கழித்து அமெரிக்காவில் இளைஞர் பத்திரிகை ஒன்று அந்த வரியைத் தூக்கிப் போட்டதும், தென் மாநிலங்களில் இசைத்தட்டுகளைக் குவித்து எரித்தார்கள். பேச்சு ஒன்றுதான். அதைத் தூக்கிப் பிடித்த கை வேறு. ஆகஸ்டில் சிகாகோவில் நிருபர்கள் முன்னால் லெனன் விளக்கம் அளித்தார், மன்னிப்பும் கேட்டார். அந்த மாதக் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததுதான் பீட்டில்ஸ் டிக்கெட் விற்று நடத்திய கடைசிக் கச்சேரி. கச்சேரிச் சுற்றுப்பயணமே சலித்துப் போனதற்கு வேறு காரணங்களும் இருந்தன, இதுவும் ஒன்று.

உங்களுக்காக ஓர் அறிக்கை எழுதிப் பார்த்தேன்:

“கடந்த மாதம் தூய்மைப் பணியாளர் போராட்டத்தில் நான் பேசியதன் முழுப் பதிவை இங்கே இணைத்திருக்கிறேன். அதில் ஆறு மாதச் சம்பளப் பாக்கி என்று சொன்னது தவறு. மூன்று மாதம் என்பதே சரி. பரப்பப்படும் துண்டில் என் பேச்சின் முதல் பாதி இல்லை. எந்தத் தெய்வத்தையும் நான் இழிவாகப் பேசவில்லை. உழைத்தவருக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.”

இவ்வளவுதான். “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைச் சேர்க்காதீர்கள். அது மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. எதிர்த் தரப்புக்கு மட்டும் பயன்படும். அறிக்கையை ஒரு முறை வெளியிடுங்கள். கீழே வரும் கருத்துகளுக்குப் பதில் எழுதாதீர்கள். முடிந்தால் ஒரு வாரத்துக்கு உங்கள் கணக்கைத் தம்பியோ தோழியோ பார்த்துக்கொள்ளட்டும்.

முழு மன்னிப்பே கேட்டுவிட்டால் தொல்லை ஓய்ந்துவிடாதா என்று அம்மா கேட்பார். ஓய்வதில்லை. டிக்ஸி சிக்ஸ் (இன்று தி சிக்ஸ்) என்று அமெரிக்காவில் மூன்று பெண்கள் கொண்ட கன்ட்ரி இசைக் குழு. 2003 மார்ச் 10 அன்று, ஈராக் போர் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, லண்டன் மேடையில் பாடகி நேட்டலி மெயின்ஸ் ஒரு வரி சொன்னார்: அமெரிக்க அதிபர் டெக்சாஸ்காரர் என்பதற்காக வெட்கப்படுகிறோம். இவர்களும் டெக்சாஸ்காரர்கள்தான். நாலாம் நாளே, அதிபர் பதவிக்கு உரிய மரியாதையோடு பேசியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டார். என்ன பயன்? தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அவர்களது பாட்டு வானொலிகளிலிருந்து காணாமல் போனது. லூசியானாவில் அவர்களுடைய குறுந்தகடுகளைக் கொட்டி டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். டாலஸ் கச்சேரியின்போது சுட்டுவிடுவோம் என்று நாள் குறித்துக் கடிதம் வந்தது. போலீஸ் காவலோடு பாடினார்கள். மூன்று ஆண்டு கழித்து, அந்த மன்னிப்பை மெயின்ஸ் வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். 2007 கிராமி விழாவில் ஐந்து விருதுகள் கிடைத்தன. ஆனால், கன்ட்ரி வானொலிகளில் பழைய இடம் திரும்பவே இல்லை. விருது கிடைத்ததை மட்டும் சொல்லி உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை, இரண்டும் நடந்தது.

அவர்களுக்கும் உங்களுக்கும் இன்னொரு வித்தியாசம். சண்டை மூளும்போதே அவர்கள் கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்றவர்கள். உங்களுக்கு வாடகையும் மாதத் தவணையும் இருக்கும். ஆகவே, கொள்கையை விட்டுப் பணத்துக்கு வருவோம்.

உங்களுக்கு எதிராக நிற்பவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். உங்கள் பேச்சு பிடிக்காமல், இனி இவர் கச்சேரிக்கு வரமாட்டேன் என்கிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அவரும் தம் கருத்தைச் சொல்கிறார். 2024-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபோது, அவருடைய கருத்துகளை எதிர்த்துப் பாடகிகள் ரஞ்சனி – காயத்ரி சகோதரிகள் அந்த ஆண்டு அகாடமி விழாவிலிருந்து விலகினார்கள். கிருஷ்ணாவின் பேச்சு அவருடைய உரிமை என்றால் அந்த விலகலும் இவர்களுடைய உரிமைதான். அகாடமி முடிவை மாற்றவில்லை, 2025 புத்தாண்டு அன்று அவருக்கு விருது வழங்கப்பட்டது. இதையே 2018-ல் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெல்லியில் அவர் பாடவிருந்த நிகழ்ச்சியை, இணையத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைத்தது இந்திய விமான நிலைய ஆணையம். அரசு நிறுவனம். பொதுப்பணத்தில் இயங்கும் அமைப்பு கூச்சலுக்குப் பின்வாங்குவது வேறு, ரசிகர் எழுந்து போவது வேறு. (அந்த வாரமே டெல்லி மாநில அரசு அவரை அழைத்துப் பாடவைத்தது. அதிலும் அரசியல் இல்லாமல் இல்லை.)

இனி திருவிழாக் குழு. ஒப்பந்தம் அவர்களுக்கும் குழுத் தலைவருக்கும் இடையில்தான் இருக்கும், உங்களோடு இருக்காது. எனவே விழாக் குழுவோடு நீங்கள் நேரடியாகச் சண்டைக்குப் போக இடமில்லை. உங்களுக்கும் குழுத் தலைவருக்கும் என்ன பேச்சு என்பதுதான் கேள்வி. எழுத்தில் எதுவும் இல்லை என்பீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. தேதி குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்தி, ஜிபேயில் வந்த அட்வான்ஸ், போன வருடம் அதே விழாவுக்கு வாங்கிய தொகை, எல்லாம் சாட்சி. உங்களை மேடையேற்று என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஆனால் உறுதி சொன்ன கச்சேரிக்கான இழப்பீட்டைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. எனவே, அண்ணனோடு இப்போதே வழக்கு என்று இறங்காதீர்கள். “அண்ணா, இந்த இரண்டு தேதியும் எனக்குச் சொன்னீர்கள், இப்போது வேண்டாம் என்கிறீர்கள், அட்வான்ஸை என்ன செய்வது?” என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாதி ஊதியத்துக்கு அவரே இறங்கி வரக்கூடும். உறவும் கெடாது.

மூன்றாவது வகையினர்தான் குற்றவாளிகள். வீட்டுக்கு வருவோம் என்பவர்கள், ஆபாசப் படம் அனுப்புபவர்கள், எண்ணைப் பரப்பியவர்கள். இவர்களுடைய செய்திகளை அருவருப்பில் அழித்துவிடத்தான் தோன்றும். அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும், அனுப்பியவர் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி படம் பிடியுங்கள். சமூக வலைதளப் பதிவாக இருந்தால் அதன் முகவரியைத் தனியே எழுதி வையுங்கள். கைபேசியை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்கு மூலக் கருவி கையில் இருப்பது பெரிய பலம். மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 351, பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் 79, ஆபாசத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் விரைவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். ஆபாசமாக எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஒரே ஒரு போலீஸ் அழைப்போடு காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மீது கொடுத்ததாகச் சொல்லும் புகார் அநேகமாக அதே சன்ஹிதாவின் 299-வது பிரிவில் இருக்கும்: மத உணர்வைப் புண்படுத்துவது. அந்தப் பிரிவு நிற்க வேண்டுமானால் வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு பேசியதாகக் காட்ட வேண்டும். உங்கள் முழுப் பேச்சைக் கேட்டவர் அப்படிச் சொல்வது கடினம். அதனால்தான் அந்த முழுப் பதிவுக்காக இவ்வளவு அலைகிறேன். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஒரு கவிதைக்காக மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் பதிவான வழக்கை ரத்து செய்தது. பேச்சு தொடர்பான இத்தகைய புகார்களில், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், வழக்குப் பதியும் முன் ஆரம்பக்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும், எதற்கெடுத்தாலும் புண்படுகிற மனதை அளவுகோலாக வைக்கக்கூடாது, திடமனம் கொண்டவரை வைத்தே எடைபோட வேண்டும் என்றும் சொன்னது. காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு அழைத்தால், நோட்டீஸ் எழுத்தில் கேளுங்கள். வழக்கறிஞரோடு போங்கள். ஒளிந்துகொள்ளாதீர்கள்.

“நாங்கள் அனுமதித்தாலும் ஊரில் கலவரம் வரும்” என்று விழாக் குழுவோ அதிகாரியோ சொல்வார்கள். இதற்கும் பழைய பதில் உண்டு. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு எதிரான வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் வாதம் எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு உடன்பாடே.

பாடுகிறவளுக்கு அரசியல் எதற்கு என்கிற கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும், எங்களுக்குப் பிடிக்காத அரசியல் எதற்கு என்பதன் சுருக்கம். 2022-ல் இளையராஜா ஒரு நூலின் முன்னுரையில் பிரதமர் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு எழுதியபோது, கலைஞர்கள் அரசியல் பேச வேண்டும் என்று அதுவரை சொல்லிவந்தவர்களில் பலரே, இசையமைப்பாளர் இசையை மட்டும் பார்த்தால் என்ன என்று கேட்டார்கள். டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவனை 2015 அக்டோபரில் திருச்சியில் தேசத் துரோக வழக்கில் கைது செய்தபோது, அன்றைய ஆளுங்கட்சிக்காரர்களுக்கு அந்தக் கைது நியாயமாகத் தெரிந்தது. ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது.

ஆனால் ஒன்று: பேசியதால் வருமானம் குறையும். அதைச் சட்டத்தால் முழுக்க ஈடுகட்ட முடியாது. சபாவில் பாடும் பெரிய வித்வானுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஆதரவுக் கட்டுரை, வெளிநாட்டுக் கச்சேரி எதுவும் மெல்லிசைக் குழுப் பாடகிக்குக் கிடைக்காது. பெண் என்பதால் வசவு இரட்டிப்பு. இந்தப் பருவம் போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய அளவுக்குக் கல்யாண வரவேற்புக் கச்சேரி, பாட்டு வகுப்பு, ஒலிப்பதிவுக்கூடத்தில் கோரஸ் என்று வேறு வழிகளை இப்போதே விசாரியுங்கள். கல்யாண வீட்டார் பெரும்பாலும் இதையெல்லாம் பார்ப்பதில்லை. சுருதி சேர்ந்தால் போதும் அவர்களுக்கு. உங்களைப் பாட அழைத்த தொழிற்சங்கத்தாரிடமும் நிலைமையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு வழக்கறிஞர் இருப்பார். புகாருக்கு உடன் வரும் கடமையும் அவர்களுக்கு இருக்கிறது.

அம்மாவிடம் மிரட்டல் செய்திகளைக் காட்டாதீர்கள். புகார் கொடுத்த ரசீதைக் காட்டுங்கள்.

கடைசியாக அந்தக் கட்சி நிர்வாகி. இப்போதைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். இன்றைக்கு அவர் மேடையில் ஏறினால், “முதலிலேயே சொன்னோமே, இது கட்சி ஏற்பாடு” என்று உங்கள் எதிரிகள் சொல்வது உண்மையாகிவிடும். 299 புகாரிலும் உள்நோக்கம் என்று ஒரு பத்தி கூடும். கட்சி பிடித்திருந்தால் சேருவது உங்கள் விருப்பம், அதற்கு ஆறு மாதம் கழித்தும் உறுப்பினர் அட்டை கொடுப்பார்கள். அப்போது அவர்கள் மேடையில் பாடுவதாக இருந்தால், சம்பளம் பேசி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போங்கள்.